டெக் வண்டியில் ஏற்றிய கேம்பர் ஏன் நகர்ந்தது?

ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆட்டு மந்தை ஒன்று திடீரென்று குறுக்கே வந்தது. ஓட்டியவர் பிரேக்கை அழுத்திப் பிடித்தார். வண்டி நின்றது. பின்னால் தட்டை டெக்கின் மேல் பெல்ட் போட்டுக் கட்டியிருந்த கேம்பர், அதாவது ராத்தங்கிச் சமைத்துக்கொள்ளும் வீட்டுப் பெட்டி, மட்டும் நிற்காமல் 18 செ.மீ. முன்னால் சறுக்கி, இடப்பக்கமாகக் கொஞ்சம் திரும்பிக்கொண்டது. பின்பக்க இடது பெல்ட் டெக்கின் தகட்டு விளிம்பில் உரசி அறுந்தது. பின்பக்க வலது வளையம் ஸ்க்ரூவோடு மரச்சட்டத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. உள்ளே அடுப்புக்குப் போகும் கேஸ் டியூப் விறைப்பாக இழுபட்டு நின்றது. யாருக்கும் அடியில்லை, ஆடுகளுக்கும் இல்லை.

வண்டி மெதுவாக ஊர்ந்து ராமநாதபுரத்தில் எங்கள் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. உரிமையாளர் கீழக்கரைக்காரர். வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலோரமாகவே சுற்ற வேண்டும், பிடித்த இடத்தில் ராத்தங்க வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. பக்கப் பலகை இல்லாத தட்டை டெக் போட்ட பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, அதன் மேல் ஏற்றி இறக்கும்படியான வீட்டுப் பெட்டியை வெளியூர்ப் பட்டறையில் செய்து வாங்கியிருந்தார். நீளம் 2.6 மீட்டர், அகலம் 1.6, உயரம் 1.9. மரச்சட்டம், வெளியே ஃபைபர் போர்வை, நான்கு மூலையிலும் கழற்றி மாட்டும் ஜாக்கிக் கால்கள். பெட்டி வேலை சுத்தமாகத்தான் இருந்தது. அதை வண்டியில் எப்படி நிறுத்துவது என்பதை யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

"தம்பி, ஒரு பெல்ட்டு ரெண்டரை டன் தாங்கும்னு அதுலயே போட்டிருக்கு. நாலு போட்டா பத்து டன்னு. பெட்டி ஒரு டன்னுகூட இல்ல. பிறகு எப்படி நகரும்?" என்று கேட்டார்.

"அதைத்தான் காக்கா பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு (கீழக்கரைப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள்), முதலில் எடை மேடைக்குக் கிளம்பினோம்.

கரிமூட்டக் கரி ஏற்றிய லாரிகள் வரிசையில் நிற்கும் மேடை அது. முன்சக்கரங்கள் மட்டும் மேலே நிற்க ஒரு சீட்டு, பின்சக்கரங்கள் மட்டும் நிற்க ஒரு சீட்டு, மொத்தமாக ஒரு சீட்டு. கேம்பரோடு ஒரு முறை, இறக்கிவைத்துவிட்டு ஒரு முறை. எதற்கு இத்தனை சீட்டு என்று மேடைக்காரருக்கு விளங்கவில்லை. காசு மட்டும் சரியாக வாங்கிக்கொண்டார்.

கேம்பர் இல்லாமல், டீசலும் ஓட்டுநருமாக: முன் அச்சில் 1,060 கிலோ, பின் அச்சில் 900. கேம்பரில் தண்ணீர், பேட்டரி, சிலிண்டர், சாமான் எல்லாம் வைத்து 840 கிலோ. மொத்தம் 2,800. ஆர்.சி. புத்தகத்தில் அனுமதித்த மொத்த எடை 3,490. ஆக, ஓவர்லோடு இல்லை. உரிமையாளருக்கு முகம் தெளிந்தது. ஆனால் அடுத்த சீட்டு வேறு கதை சொன்னது. கேம்பரை ஏற்றியதும் பின் அச்சு 1,806 ஆகியிருந்தது. முன் அச்சு கூடுவதற்குப் பதில் 994 ஆகக் குறைந்திருந்தது. 840 கிலோவை முதுகில் ஏற்றிய பிறகு வண்டியின் முன்பக்கம் 66 கிலோ லேசாகியிருக்கிறது!

இதற்குக் காரணம், பெட்டியின் எடை மையம் பின் அச்சுக்குப் பின்னால் விழுந்ததுதான். சக்கர இடைவெளி 3.2 மீட்டர், 66 கிலோ குறைய வேண்டுமானால் எடை மையம் பின் அச்சிலிருந்து சுமார் 25 செ.மீ. பின்னால் இருக்க வேண்டும். இருந்தது. கேபினுக்குப் பின்னால் 40 செ.மீ. அகலத்துக்கு ஒரு டூல் பாக்ஸ், அதன் பிறகு ஜன்னல் திறக்க ஒரு சாண் இடைவெளி, அப்புறம்தான் கேம்பர். ஸ்டியரிங்கும் முன் பிரேக்கும் வேலை செய்ய முன்சக்கரத்தில் எடை வேண்டும். டூல் பாக்ஸை டெக்குக்குக் கீழே பக்கவாட்டில் தொங்கவிட்டு, கேம்பரை 40 செ.மீ. முன்னால் தள்ளியதும் முன் அச்சு 1,099, பின் அச்சு 1,701 என்று வந்தது. ஒரு பைசா பொருள் வாங்காமல் கிடைத்த திருத்தம் இது. இந்த மாதிரிப் பெட்டி செய்து வாங்குகிறவர்கள், எடை மையம் எங்கே என்று பெட்டியின் பக்கத்திலேயே ஒரு கோடு போட்டு வாங்குவது நல்லது. அந்தக் கோடு பின் அச்சுக்கு நேராகவோ அதற்கு முன்னாலோ விழவேண்டும்.

சரி, பெல்ட்டுக்கு வருவோம்.

பெல்ட்டிலேயே எழுதியிருக்கும் 2,500 கிலோ அது தாங்கும் அளவு. அது இழுத்துப் பிடிக்கும் அளவு வேறு. 50 மி.மீ. ராட்செட் பெல்ட்டை (பல்சக்கரக் கைப்பிடியால் இறுக்கும் பெல்ட்) கையால் முறுக்கினால் நல்ல நிலையில் 250 முதல் 350 கிலோ இழுவை வரும். கொஞ்ச தூரம் ஓடி, அடியில் இருக்கும் மரம் அமுங்கி, பெல்ட்டும் நீண்டு கொடுத்த பிறகு அதில் பாதிகூட மிஞ்சாது. ஒரு பெல்ட்டுக்கு 150 என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நான்கும் சேர்ந்து 600. இந்தப் பெல்ட்டுகள் கேம்பரின் கீழ்மூலை வளையத்திலிருந்து டெக்கின் ஓரக் கொக்கிக்கு ஏறக்குறைய நேர்ச்செங்குத்தாக இறங்கின. செங்குத்துப் பெல்ட் பெட்டியைக் கீழே அழுத்தும். முன்னால் போவதை நேரடியாகத் தடுக்காது. உராய்வு மூலமாக மட்டுமே தடுக்கும்.

உராய்வோ பரிதாபம். டெக் செக்கர்டு பிளேட், அதாவது மேடுமேடாக வரி வைத்த இரும்புத் தகடு. அதன் மேல் கேம்பரின் அடிச்சட்டம், வழவழப்பான ஃபைபர் பூச்சோடு. நடுவில் தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்த பொடிமணல். மணல் பிடிமானம் கொடுக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். தகட்டுக்கும் ஃபைபருக்கும் நடுவே மாட்டிய பொடிமணல் உருளும். உராய்வுக் கெழு, அதாவது கீழே அழுத்தும் எடையில் எத்தனை பங்கு பிடிமானமாகும் என்ற கணக்கு, 0.25 என்று எடுத்தாலே அதிகம். பெட்டி எடை 840, பெல்ட் அழுத்தம் 600, மொத்தம் 1,440; அதில் கால்பங்கு 360 கிலோ. காய்ந்த தார்ச்சாலையில் அழுத்திப் பிடித்த பிரேக்கில் பெட்டி தன் எடையில் 0.7 பங்கு விசையோடு முன்னால் போகப் பார்க்கும். அது 588 கிலோ. 360 எப்படி 588ஐ நிறுத்தும்? பத்து டன் பெல்ட் கதை இங்கே முடிந்துவிடுகிறது.

சறுக்க ஆரம்பித்த பிறகுதான் பெல்ட் சாய்ந்து இழுபட்டது. அப்போது விசை முழுவதும் ஒரு மூலைக்கு வந்தது. டெக் விளிம்பில் மடித்த கூர்மையான தகடு. அதில் பாலியெஸ்டர் பட்டை உரசினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தக் கடற்கரையில் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றுகிறவர்களைப் பாருங்கள். படகுக்கு இரண்டு பக்கமும் மணல்மூட்டை, பழைய டயர், முன்னால் கட்டை என்று முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கயிறு போடுவார்கள். முட்டு நகரவிடாது, கயிறு எழும்பவிடாது. இரண்டு வேலை, இரண்டு ஆள். நம் கேம்பரில் இரண்டையும் பெல்ட்டே பார்க்க வேண்டியிருந்தது. பக்கப் பலகை உள்ள வண்டியாக இருந்தால் பலகையாவது பக்கவாட்டில் பிடித்திருக்கும். தட்டை டெக்கில் அதுவும் இல்லை.

அடுத்துக் கண்டது எனக்கே கொஞ்சம் அதிர்ச்சி. டெக்குக்கும் சேசிஸுக்கும் (வண்டியின் அடிச் சட்டகம்) நடுவே இருந்த மரவாரை வெயிலில் சுருங்கி, முன்பக்க யூ போல்ட்டுகள் விரலால் அசையும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. சேசிஸின் பக்கவாட்டில் பெயிண்ட் உரிந்த பளபளப்பான தடம், 12 மி.மீ. நீளம். அதாவது டெக்கே முன்னும் பின்னும் போய் வந்திருக்கிறது. கேம்பரை டெக்கோடு எவ்வளவு இறுக்கினாலும், டெக் சேசிஸோடு சேர்ந்திருக்காவிட்டால் கட்டியதற்கு அர்த்தமில்லை. தட்டை டெக் வண்டியில் பரிசோதனையைச் சேசிஸிலிருந்து தொடங்கி மேலே வரவேண்டும். நிறைய பேர் மேலிருந்து தொடங்கி பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

ஆகவே திருத்த வேலையும் கீழிருந்தே தொடங்கியது. டெக்கின் நீளச் சட்டத்துக்கும் சேசிஸின் நிமிர்ந்த பக்கத்துக்கும் குறுக்கே 8 மி.மீ. பக்கத்தகடுகள், பின்பாதியில் பக்கத்துக்கு இரண்டு. சேசிஸில் ஏற்கெனவே இருந்த துளைகளையே பயன்படுத்தினோம். சேசிஸில் வெல்டிங் வைப்பதும், அதன் மேல் கீழ் விளிம்புகளில் புதுத் துளை போடுவதும் வண்டி தயாரிப்பாளர்கள் எல்லோருமே தடுக்கும் காரியம். விரிசல் அங்கேதான் பிறக்கும். வெல்டர் அண்ணன் "ஒரு தட்டு தட்டி விட்டுருவோமா?" என்றுதான் நின்றார். வேண்டாம் என்று போல்ட்டுக்கே போனோம். முன்பாதியில் யூ போல்ட்டை எடுத்துவிட்டு, ஸ்பிரிங் வைத்த நீள போல்ட்டுகள்.

முன்னால் ஏன் ஸ்பிரிங்? முன் இடதுசக்கரத்தை 15 செ.மீ. கட்டை மேல் ஏற்றிப் பார்த்தோம். சேசிஸ் முறுக்கிக்கொண்டதில், கேம்பரின் முன்மூலைக்கும் டெக்குக்கும் நடுவே 22 மி.மீ. வித்தியாசம் வந்தது. லோடு வண்டியின் சேசிஸ் முறுக்கிக் கொடுக்கத்தான் செய்யப்பட்டது. கேம்பர் பெட்டி முறுக்கிக் கொடுக்காது. ஃபைபர் மூட்டு பிளக்கும், கதவு மாட்டிக்கொள்ளும். நான்கு மூலையையும் இரும்பாக இறுக்கிவிட்டால், உப்பளத்துப் பக்கப் பள்ளங்களில் ஒவ்வொரு முறையும் வண்டி பெட்டியைத் துணி பிழிவதுபோல் பிழியும். வளையம் மரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டதில் இதற்கும் பங்குண்டு என்பது என் கணிப்பு. பழைய ஸ்க்ரூத் துளைகள் ஏற்கெனவே முட்டை வடிவத்தில் அகன்றிருந்தன. அது ஒரே பிரேக்கில் வரும் சேதம் இல்லை.

அப்புறம் முட்டுகள். ஐரோப்பாவில் லோடு கட்டுவதற்கான கணக்கு முறையில், முன்பக்கம் எடையில் 0.8 பங்கு, பக்கவாட்டிலும் பின்னாலும் 0.5 பங்கு விசையைத் தாங்க வேண்டும் என்று எடுப்பார்கள். நமக்கு அது முன்னால் 672 கிலோ, மற்ற திசைகளில் 420. உராய்வை நம்பாமல் முழுவதையும் முட்டே தாங்கட்டும் என்று வைத்துக்கொண்டோம். முன்னால் 65 மி.மீ. ஆங்கிள், முகத்தில் ரப்பர். அதை டெக் தகட்டோடு மட்டும் முடுக்காமல், கீழே ஓடும் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்து 12 மி.மீ. போல்ட் நான்கு. போல்ட் கவலை இல்லை, ஒவ்வொன்றும் டன் கணக்கில் தாங்கும். 3 மி.மீ. தகடுதான் கிழியும். பக்கங்களில் 50 மி.மீ. உயர வழிகாட்டி ஆங்கிள், பின்முனையில் வெளிப்பக்கம் கொஞ்சம் விரிந்தபடி. வண்டியை ரிவர்ஸில் பெட்டிக்கு அடியில் விடும்போது தானாகவே நேராக உட்கார இது உதவுகிறது. பின்னால் கழற்றி மாட்டும் இரண்டு பின்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கட்டுக்கு மிஞ்சிய வேலை, மேட்டுப்பள்ளத்தில் பெட்டி எழும்பாமல் பிடிப்பதுதான். பெல்ட்டை விட்டுவிட்டு நான்கு டர்ன்பக்கிள், அதாவது நடுவில் திருகி இறுக்கும் இரும்புக் கட்டு, போட்டோம். நான்கும் கீழே போகப்போக முன்பக்கம் சாய்ந்தபடி, பெட்டியை முன்முட்டோடு ஒட்டவைக்கும் கோணத்தில். முன் இரண்டில் ஸ்பிரிங் உண்டு. ஸ்பிரிங் பாதி அமுங்கும் வரை மட்டும் முறுக்கு. பின் இரண்டு நேரடி. பெட்டிப் பக்கத்தில் ஸ்க்ரூ வளையங்களைத் தூக்கிவிட்டு, தரைச் சட்டத்தின் இருபுறமும் 6 மி.மீ. தகடு வைத்து நடுவே போல்ட் ஊடுருவும்படி செய்தோம். மரத்தில் ஸ்க்ரூவை நீளவாக்கில் இழுக்கவிடக் கூடாது. தகடும் நட்டும் அமுக்கிப் பிடிக்க வேண்டும்.

அடியில் ரப்பர். மாட்டுக் கொட்டகைக்கு விற்கும் கெட்டி விரிப்பே போதும், விலையும் மலிவு. முழுத்தாளாக விரிக்காமல் பட்டைகளாக வெட்டி இடைவெளி விட்டுப் போட்டோம். அதற்குக் காரணம் கடல்.

உப்பு இந்த ஊரில் தனி ஒரு பாடம். சாதா உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டாலே தானாக ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலோரத்தில் ராத்திரிகளில் அந்த அளவைத் தாண்டுவது சர்வசாதாரணம். மழையே பெய்யாத மாதத்திலும் வண்டியின் அடிப்பாகம் ராத்திரி முழுக்க நனைந்தே இருக்கிறது என்று பொருள். முழு ரப்பர் விரிப்பின் அடியில் இந்த உப்புத்தண்ணீர் காயவே காயாது. ஒரு மழைக்காலத்தில் டெக் தகடு பிஸ்கட் மாதிரி உதிரும். கழுவினால் போகும் என்பது உண்மைதான். ஆனால் நம்மூர் போர் தண்ணீரில் பல இடங்களில் கழுவினால் உப்பைக் கூட்டித்தான் வைப்போம். குடிதண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் வண்டி கழுவ நல்ல தண்ணீர் கேட்பது சங்கடமான விஷயம். காக்கா மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்துவைத்து, ஸ்பிரேயரில் அடிப்பாகத்துக்கு மட்டும் அடிக்கிறார்.

போல்ட்டுகளும் டர்ன்பக்கிளும் சூடான துத்தநாகக் குளியல் போட்ட ரகம். ஸ்டெயின்லெஸ்தான் வேண்டும் என்று காக்கா அடம்பிடித்தார். கடையில் சும்மா ஸ்டெயின்லெஸ் என்று கேட்டால் கிடைப்பது 304 என்னும் ரகம். இந்தக் காற்றில் அது புள்ளி புள்ளியாகக் குழி விழும், குழி வெளியே தெரிவதைவிட ஆழமாக இருக்கும். 316 ரகம் தாங்கும், விலை அதிகம். மரையில் கிரீஸ் போடாமல் முறுக்கினால் சிக்கிக்கொண்டு திரும்பவே வராது. பாம்பன், மண்டபம் பக்கம் படகுச் சாமான் கடைகளில் துத்தநாகக் குளியல் போட்ட ஷேக்கிள் (யூ வடிவ இணைப்பு வளையம்) கிடைக்கும். படகுக்காரர்கள் விலைக்கும் உழைப்புக்கும் கணக்குப் பார்த்துத் தேர்ந்தது. அதையே வாங்கினோம். துரு வந்தால் கண்ணுக்குத் தெரியும், மாற்றிவிடலாம்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறந்தது, 2.3 கி.மீ. நீளம், இரண்டு பக்கமும் கடல். பக்கத்தில் இருந்த பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். அதே காற்று நம் கேம்பரின் 5 சதுர மீட்டர் பக்கச்சுவரில் அடித்தால் ஏறக்குறைய 100 கிலோ தள்ளு. 80 கி.மீ. வீச்சில் அது இரட்டிப்புக்குப் பக்கத்தில் போகும். 840 கிலோப் பெட்டியை இது கவிழ்க்காது. ஆனால் வளைவில் திரும்பும்போது வரும் பக்க விசையோடு சேர்ந்தால், பக்கமுட்டு இல்லாத பெட்டியை நகர்த்தப் போதும். வண்டி முழுவதையும் எடுத்துக்கொண்டால் இன்னொரு கணக்கு. வெறும் வண்டியின் எடை மையம் தரையிலிருந்து சுமார் 70 செ.மீ. என்று வைத்தால், கேம்பரோடு சேர்ந்து அது ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு ஏறிவிடுகிறது. கவிழாமல் தாங்கும் திறன் கால்பங்குக்கு மேல் குறைகிறது. கச்சான் என்னும் மேல்காற்று ஓங்கும் ஆனி, ஆடியில் பாலத்தில் 40ஐத் தாண்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பாலத்தின் நடுவில் செல்ஃபிக்காகத் திடீரென்று நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் அந்த 40க்கு ஒரு காரணம்.

இறக்கி வைக்கும்போது: மணலில் ஜாக்கிக் கால் நேராக நிற்காது. நான்கு காலுக்கும் சமமாகப் பிரிந்தால் ஒன்றுக்கு 210 கிலோ. தரை சமமில்லை என்றால் எதிர்மூலை இரண்டே கால்கள் 420 வீதம் சுமக்கும். ஒரு அடிச் சதுரப் பனம்பலகை நான்கு செய்துகொடுத்தோம். மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றணும். ஒரே மூலையை மடமடவென்று உயர்த்தினால் பெட்டி கோணும். தனுஷ்கோடியில் இந்தப் பேச்சே இல்லை, பொழுது சாய்ந்த பிறகு அங்கே வண்டியை இருக்கவிட மாட்டார்கள்.

சிலிண்டர் விஷயம் சுருக்கமாக. ஓடும்போது ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். எனவே சிலிண்டர் அறையின் அடியில் வெளிப்பக்கம் துளை வேண்டும். பெட்டியில் துளை மேலே இருந்தது. கீழேயும் போட்டோம், டியூபை மாற்றினோம்.

சட்டம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கழற்றி இறக்கும் பெட்டி ஒரு லோடு. அதையே வண்டியோடு நிரந்தரமாகப் பற்றவைத்துவிட்டால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்லும் மாற்றம் ஆகிவிடும், ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். லோடு பக்கவாட்டிலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருந்தால் 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம். ஓடும்போது பெட்டிக்குள் யாரும் உட்காரக் கூடாது; பேரப்பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும். இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் சொல்லி வைப்பது உத்தமம்.

வேலை முடிந்ததும் கேம்பரின் அடிச்சட்டத்திலிருந்து டெக் வரை குறுக்காக நான்கு இடத்தில் வெள்ளைப் பெயிண்டால் கோடு இழுத்தோம். பெட்டி நகர்ந்தால் கோடு உடையும். ஆளில்லாத உப்பளச் சாலையில் 40இல் போய் அழுத்திப் பிரேக் பிடித்துப் பார்த்ததில் கோடு உடைந்தது 2 மி.மீ.க்கும் குறைவு, அதுவும் ரப்பர் அமுங்கியதால். தொண்டி வரை போய் வந்த பிறகு பின் இடது டர்ன்பக்கிள் ஒன்றரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. லாக் நட் மட்டும் போதவில்லை. கம்பி வைத்துப் பூட்டிய பிறகு தளரவில்லை. முதல் 50 கி.மீ.யில் ஒரு முறை இறங்கி நான்கையும் கையால் ஆட்டிப் பார்ப்பது காக்காவுக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

வாடைக்காற்று மழை முடிந்து வண்டி மறுபடி வந்தபோது முன் வலது ஸ்பிரிங்கில் துரு பிடித்து, அமுங்கும் அளவு குறைந்திருந்தது. மாற்றிவிட்டோம். மரவாரைக்குப் பதில் வேறு பொருள் போடலாமா என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது. காக்கா கூரையில் சோலார் பலகை இரண்டு வைக்க ஆசைப்படுகிறார். எடை உச்சியில் ஏறுவதால் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்கிறேன், அவர் இன்னும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.